எந்த ஊர் 9? செண்டாயில் ஒரு பொன்னிற முடியை மீட்ட பதிவு

நவம்பர் 2ஆம் வாரம், சனிக்கிழமை மாலை. முடிக்கு நிறம் போடச் சலூனுக்குப் போயிருந்த என் அறைத்தோழி கம்பளித் தொப்பியோடு வீட்டுக்குள் வந்தாள். செருப்பைக் கழற்றினாள், கோட்டைக் கழற்றினாள், தொப்பியை மட்டும் கழற்றவில்லை. நான் சுவிட்சைத் தொடப் போனபோது, "விளக்கைப் போடாதே அக்கா" என்றாள்.

அவள் பின்லாந்துக்காரி, ஊர் ஔலு. ஜப்பானில் செண்டாய் நகரத்தில் இருவரும் படிக்கிறோம், 2 அறை வீட்டில் சேர்ந்து இருக்கிறோம். என் தம்பி போனில் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளும் என்னை அக்கா என்றே கூப்பிடுவாள். அழுதால் மட்டும் தன் தாய்மொழியான பின்னிய மொழியில் (ஃபின்னிஷ்) அழுவாள். அன்றைக்கு அதுதான் நடந்தது.

தொப்பியைக் கழற்றியதும் பார்த்தேன். போகும்போது வெண்ணெய் நிறத்தில் இருந்த முடி, வரும்போது ஈரச் சணல் சாக்கு மாதிரி இருந்தது. மேலே பழுப்பு. நுனிக்குப் போகப் போக இன்னும் கறுப்பு. ஜன்னல் பக்கம் திரும்பினால் அந்தப் பழுப்புக்குள் பாசி படிந்தாற்போல ஒரு பச்சை. முடி சேதமாகவில்லை, தொட்டால் நன்றாகவே இருந்தது. நிறம் மட்டும் போயிருந்தது.

இதை வீட்டிலேயே சரிசெய்து முடிக்க எங்களுக்கு ஏறத்தாழ 2 மாதம் ஆனது. வெளிநாட்டில் இருக்கிற பொன்முடிக்காரர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிற நம்மவர்களுக்கும் பயன்படும் என்று செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஊரிலிருந்து கிளம்பும்போது அவளுடைய முடிதிருத்துநர் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். வேருக்கு 6 சதவீத பெராக்சைடு (ப்ளீச் பொடியோடு கலக்கும் திரவம்), நிறம் 9, ஆஷ் (சாம்பல் சாயல்) என்று அதில் இருந்தது. செண்டாய் சலூனில் அவள் அந்த 9ஐத்தான் காட்டினாள். அங்கிருந்தவர் கொஞ்சம் தயங்கி, "9, சரிதானா?" என்று 2 முறை கேட்டிருக்கிறார். இவளும் 2 முறை தலையாட்டியிருக்கிறாள். அவர் 9தான் போட்டார், ஆனால் ஜப்பானிய 9.

ஐரோப்பாவில் முடி நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதை 1 முதல் 10 வரை எண்ணுவார்கள். 1 என்றால் கறுப்பு, 10 என்றால் மிக வெளிர்ந்த பொன்னிறம். 8, 9 எல்லாம் வெளிர் பொன்னிறம்தான். ஜப்பானில் சலூன்கள் பார்ப்பது ஜப்பான் ஹேர் கலர் அசோசியேஷனின் அளவுகோல். அது 10ல் நிற்காது, 15 வரையும் போகும். இந்நாட்டு மக்களின் இயற்கைக் கறுப்பு அதில் 4, 5 பக்கம் வரும். 9 என்பது கல்லூரி மாணவர்கள் போட்டுக்கொள்ளும் பழுப்பு. 'கிம்பாட்சு' என்று அவர்கள் சொல்லும் பொன்முடிக்கு 13, 14க்கு மேல் போக வேண்டும். ஒவ்வொரு நாடும் தன் தலையில் விளைகிற முடியை வைத்துத்தான் அளவுகோல் செய்திருக்கிறது. கறுப்புக்கும் பழுப்புக்கும் நடுவில் நுணுக்கமான படிகள் இங்கே தேவை, பொன்னிறத்துக்குள்ளே நுணுக்கம் அங்கே தேவை. இது எனக்கும் அதற்கு முன் தெரியாது. அந்தச் சலூன்காரர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கேட்டதைச் செய்தார், இருமுறை கேட்டும் செய்தார்.

பச்சைக்குக் காரணம் வேறு. கறுப்பு முடியை வெளுத்தால் உள்ளேயிருந்து சிவப்பும் ஆரஞ்சும் எட்டிப் பார்க்கும். அதை அமுக்கத்தான் இங்கே விற்கிற ஆஷ் சாயங்களில் நீலம் தூக்கலாக இருக்கிறது. அவள் தலையில் சிவப்பும் இல்லை, ஆரஞ்சும் இல்லை, வெறும் மஞ்சள்தான். மஞ்சள் மேல் நீலம் விழுந்தால் பச்சை வராமல் என்ன வரும்? போதாக்குறைக்கு நுனிப்பகுதி பலமுறை ப்ளீச் ஆனது. பஞ்சு மாதிரி சாயத்தை உறிஞ்சும். அதனால்தான் நுனிக்குப் போகப் போகக் கறுத்தது.

டோக்கியோவில் ஐரோப்பிய முடியைக் கையாளும் சலூன்கள் இருக்கின்றன. செண்டாயிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஒரு வழிக்கே ஏறத்தாழ 11,000 யென் ஆகும், சலூன் கட்டணம் தனி. மாணவிக்கு அது ஒரு மாதத்துச் சாப்பாட்டுக் காசு. அம்மாவைச் சாமான் அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டாள். ப்ளீச் பொடியும் பெராக்சைடும் ஆக்சிஜனேற்றிகள், விமானத் தபாலில் போட முடியாது. அப்போதுதான் நான் செய்கிறேன் என்று சொன்னேன்.

அப்படிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் அடிப்படை உண்டு. பாளையங்கோட்டையில் என் சித்தி பியூட்டி பார்லர் வைத்திருக்கிறார். பள்ளி விடுமுறை முழுக்க அங்கேதான் இருப்பேன். கிண்ணத்தில் டை கலக்குவது, வகிடு பிரிப்பது, கிளிப் போடுவது, கழுவிவிடுவது எல்லாம் கையில் பழகியது. ஆனால் அங்கே வந்த தலைகள் எல்லாம் கறுப்பும் நரையும். பொன்முடியை நான் தொட்டதே இல்லை. அதனால் ஒவ்வொரு படியையும் முதலில் ஒரு சிறு கற்றையில் செய்து பார்ப்பது, பிறகுதான் தலையில் கை வைப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

நவம்பர் கடைசி, டிசம்பர் முழுக்க: கழுவல்.

சாயத்தைச் சாயத்தால் வெளுக்க முடியாது. பழுப்பின் மேல் பொன்னிறச் சாயத்தைப் போட்டால் பழுப்பாகவேதான் இருக்கும். முதலில் உள்ளே போனதை வெளியே கொண்டுவர வேண்டும். உடனே ப்ளீச்சில் இறங்க எனக்கு மனம் வரவில்லை. மருந்துக்கடையில் வைட்டமின் சி பொடி வாங்கி, எண்ணெய் நீக்கும் ஷாம்பூவில் குழைத்து, ஈர முடியில் தடவி, பிளாஸ்டிக் தொப்பி போட்டு 25 நிமிடம் வைத்தோம். வாரம் 2 முறை. முதல் நாள் கழுவிய நீர் தேநீர் நிறத்தில் ஓடியது. அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

3ஆவது கழுவலுக்குப் பிறகு பார்த்தால் பச்சை கூடியிருந்தது. அவள் பயந்துவிட்டாள், எனக்கும் ஒரு நிமிடம் பக்கென்றது. உட்கார்ந்து யோசித்தபோது புரிந்தது. சாயங்களில் சிவப்புதான் முதலில் கழன்று போகும். பழுப்புக்குள் இருந்த சிவப்பு போனதும், அதுவரை அது மறைத்து வைத்திருந்த பச்சை வெளியே தெரிகிறது. ஆக, கழுவல் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். தினமும் காலை 9 மணிக்கு அதே ஜன்னலோரம் படம் எடுத்து வைத்திருந்தோம். படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மாத முடிவில் ஒரு படி நன்றாகவே வெளுத்திருந்தது. குளியலறை மின்விளக்கில் பார்த்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்வேன். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் பச்சையும் தெரியாது, வெளிர்ந்ததும் தெரியாது.

இதற்குள் வேர் வளர்ந்துகொண்டே இருந்தது. மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். ஜனவரி தொடக்கத்தில் 2 சென்டிமீட்டர் சொந்த நிறம். அந்த நிறத்துக்குப் பின்னிய மொழியில் ஒரு சொல் இருக்கிறது, 'மாந்தியென்வாரினென்'. சாலையின் நிறம் என்று பொருள். தார் போடாத ஊர்ச் சாலையின் சாம்பல் கலந்த பழுப்பு. நம் ஊரில் செம்பட்டை என்போம், ஆனால் செம்பட்டையில் செம்மை இருக்கிறது, இதில் அது இல்லை. இங்கே ஜப்பானியர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். வெளுத்த முடிக்கு மேல் வேர் கறுத்துத் தெரிந்தால் அதற்குப் பெயர் 'புரின்'. மஞ்சள் கஸ்டர்டின் உச்சியில் கேரமல் ஊற்றிய புட்டிங் அது. இவளுடைய நீளம் இன்னும் பழுப்பாகவே இருந்ததால் அந்தப் பெயர் அப்போது பொருந்தவில்லை.

ஜனவரி முதல் வாரம்: சாமான்.

மருந்துக்கடையில் ப்ளீச் பெட்டி வாங்கினோம். உள்ளே 'இச்சிசாய்', 'நிசாய்' என்று 2 பொட்டலம். முதலாவது பொடி, அதில் பெர்சல்ஃபேட் உப்புகள். இரண்டாவது பெராக்சைடு. ஜப்பானில் தலைமுடிக்கான பெராக்சைடு 6 சதவீதத்துக்கு மேல் கிடையாது. ஐரோப்பாவில் 12 வரை அனுமதி உண்டு. 6 போதுமா என்று அவளுக்குச் சந்தேகம். அவள் சீட்டிலேயே வேருக்கு 6 என்றுதான் எழுதியிருந்தது. அவள் முடி மெலிந்தது, என் முடியோடு சேர்த்துப் பிடித்தால் நூலும் கயிறுமாகத் தெரியும். அந்த மெல்லிய முடிக்கு 6க்கு மேல் நானே போட்டிருக்க மாட்டேன்.

பொட்டலத்தில் கலக்கும் அளவு கறுப்பு முடியை நினைத்து எழுதியது. நான் சமையல் தராசில் நிறுத்தேன்: பொடி 1 பங்கு, பெராக்சைடு 3 பங்கு. தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, தூரிகையைத் தூக்கினால் சொட்டாமல் நிற்க வேண்டும். வேரைத் தாண்டி ஒழுகக்கூடாது, அதுதான் முக்கியம்.

கிண்ணம் பிளாஸ்டிக். சித்தி மருதாணியை இரும்புச் சட்டியில்தான் ராத்திரி முழுக்க ஊறவைப்பார். இரும்பு இறங்க இறங்க நிறம் கறுக்கும். பெராக்சைடுக்கு உலோகம் ஆகவே ஆகாது. கிண்ணத்திலேயே குமிழி விட்டுச் சிதைந்து, தலைக்குப் போகும்போது அதன் வலு போயிருக்கும். ஸ்பூன், கிளிப் எல்லாமே பிளாஸ்டிக் என்று பார்த்து எடுத்தேன்.

பிறகு ஊதா கலர் ட்ரீட்மென்ட் ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று. இவற்றில் பெராக்சைடு இல்லை, மேலே ஒட்டும் சாயம் மட்டும்தான், சில வாரங்களில் கழுவலில் போய்விடும். டோனராக, அதாவது ப்ளீச்சுக்குப் பிறகு நிறத்தைச் சரிசெய்யும் பூச்சாக, இதையே வைத்துக்கொள்ளத் தீர்மானித்தோம். தவறினாலும் திருத்தலாம் என்கிற தைரியம் அதில் இருந்தது. இரண்டையும் அவள் முழங்கை உட்புறத்தில் பொட்டு வைத்து 48 மணி நேரம் காத்திருந்தோம். அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை.

கற்றைப் பரிசோதனை: பிடரியில் அடிவரிசையிலிருந்து பென்சில் ஈய அளவுக்கு ஒரு கற்றையை வெட்டி, நூலால் கட்டி, ஃபாயிலில் வைத்து ப்ளீச் பூசினேன். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஈரப் பஞ்சால் கொஞ்சம் துடைத்து நிறம் பார்த்தேன். 10 நிமிடத்தில் சாயம் ஏறியிருந்த பகுதி பச்சைப் பழுப்பிலிருந்து பச்சை மஞ்சளுக்கு வந்துவிட்டது. சொந்த நிற வேர் அப்போதும் ஆரஞ்சு மஞ்சளிலேயே நின்றது. அது வெளிர் மஞ்சளுக்கு வர 35 நிமிடம் பிடித்தது. அதே 35 நிமிடம் வைத்த நுனியை ஈரமாக இழுத்துப் பார்த்தேன். நீண்டது, திரும்பி வரவில்லை, சூயிங் கம் மாதிரி தொங்கியது. அந்தக் கற்றையை அவளிடம் காட்டவில்லை. வேருக்கும் நீளத்துக்கும் ஒரே கலவை, ஒரே நேரம் என்று வைத்திருந்தால் நுனி முழுக்க அப்படித்தான் ஆகியிருக்கும்.

ஜனவரி 3ஆவது ஞாயிறு: வேலை நாள்.

முந்தின நாள் அவள் தலை குளிக்கவில்லை. தலைத்தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசை எரிச்சலைக் குறைக்கும். செண்டாய் ஜனவரியில் எங்கள் வீடு காலையில் 11 டிகிரி. குளிரில் ப்ளீச் தூங்கிவிடும். ஏசியைச் சூடாக்கி 24க்குக் கொண்டுவந்த பிறகுதான் கலக்கினேன். மண்ணெண்ணெய் ஹீட்டரை அணைத்துத் தள்ளிவைத்தோம், இந்தப் பொடிக்குப் பக்கத்தில் நெருப்பு இருக்கக்கூடாது. குளியலறை மின்விசிறி ஓடட்டும், கதவு திறந்திருக்கட்டும். பொடியைக் கொட்டும்போது எழும்பிய புழுதி எனக்குத் தொண்டையில் பிடித்துக்கொண்டது, முகக்கவசம் போட்டும் இருமினேன். பெர்சல்ஃபேட் மூச்சுக்கு ஆகாத சமாச்சாரம், சலூன் வேலை செய்கிறவர்களுக்கு ஆஸ்துமா வரக் காரணமாகிற பொருள். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

காலை 10 மணிக்கு, ஊரில் 6:30, சித்தியை வீடியோவில் கூப்பிட்டேன். வாசல் தெளித்த கையோடு வந்து பார்த்தார். அவளைப் பார்த்ததும், "பிள்ளை முடி எவ்வளவு மெல்லிசா இருக்கு, பூ மாதிரி பிடி" என்றார். அப்புறம் ஒன்று சொன்னார்: "நெத்தி ஓரத்தைக் கடைசியில தொடு. அங்க முடி சின்னப்பிள்ளை முடி, சட்டுன்னு ஏறிரும்."

தலையை 4 பாகமாகப் பிரித்து, பிடரியிலிருந்து தொடங்கினேன். அரை சென்டிமீட்டருக்கும் குறைவான வகிடுகள். ஒவ்வொரு வகிட்டிலும் புது வளர்ச்சியில் மட்டும் தூரிகை, அது முடிகிற இடத்தில் பஞ்சுத் துண்டு. பழைய முடிக்கும் புது முடிக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. கிட்டத்தில் பார்த்தால் அந்தக் கோட்டில் சாலையின் சாம்பல் சட்டென்று நின்று, சலூன் போட்ட பழுப்பு தொடங்கும். ப்ளீச் அந்தக் கோட்டைத் தொட வேண்டும், தாண்டக்கூடாது. தொடாவிட்டால் இடையில் இருண்ட பட்டை விழும். தாண்டினால் முடி அங்கேயே உடையும். இவ்வளவு கவனமாக நான் எந்தத் தலையிலும் வேலை செய்ததில்லை. ஒரு சுற்று முடிய 40 நிமிடம் ஆயிற்று, கை வலித்தது. கலவை காய்ந்துவிடும் என்பதால் 2 தடவையாகக் கலக்கினேன், ஒவ்வொரு தடவையும் பொடி 15 கிராம், பெராக்சைடு 45 கிராம்.

தலைச்சூடு வேரில் வேலையை வேகப்படுத்தும் என்பது தெரியும். ஆனாலும் கற்றையில் 35 நிமிடம் ஆனது தலையில் 28 நிமிடத்திலேயே வந்ததை எதிர்பார்க்கவில்லை. முதலில் பூசிய பிடரியைத் துடைத்துப் பார்த்தால் வெளிர் மஞ்சள், வாழைப்பழத் தோலின் உட்பக்கம் மாதிரி. பார்லர்களில் எல்லோரும் சொல்கிற அடையாளம் இதுதான், நேரில் பார்த்தபோது அவ்வளவு பொருத்தமாக இருந்தது. பிடரியை மட்டும் முதலில் துடைத்து எடுத்தேன். முன்பக்கம் தயாராகும் வரை பின்பக்கத்தை அப்படியே விட்டிருந்தால் வெந்திருக்கும்.

நீளத்துக்கு மிதமான கலவை. பொடி 10 கிராம், பெராக்சைடு 30, ஷாம்பூ 20, வெதுவெதுப்பான நீர் 20. ஈர முடியில் ஷாம்பூ போடுவது போல விரலால் பிசைந்து தடவினேன். 9 நிமிடம். அந்த 9 நிமிடமும் கையை எடுக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. நுரை முதலில் வெள்ளை, பிறகு மங்கிய பழுப்பு. அலசிவிட்டு ஒரு முடியை ஈரமாக இழுத்துப் பார்த்தேன். நீண்டு, திரும்பி வந்தது. அது போதும் என்று நிறுத்தினேன்.

துண்டால் ஒற்றி ஜன்னலோரம் கூட்டிப் போனால்: வேர் நன்றாக வெளிர் மஞ்சள். நீளம் மஞ்சள், ஆனால் காதுக்குக் கீழே 2 பக்கமும் பச்சைச் சாயல் இன்னும் இருக்கிறது. வலது பின்பக்கத்தில் நான் ஒரு வகிட்டை விட்டிருக்கிறேன். விரல் அகலத்துக்கு ஆரஞ்சுப் பட்டை. அந்தப் பட்டைக்கு மட்டும் சின்ன தூரிகையில் பூசி 12 நிமிடம் வைத்தேன்.

பச்சையை இனியும் வெளுத்துப் போக்க நான் தயாராக இல்லை, முடி அதைத் தாங்காது. பச்சைக்கு எதிர் நிறம் சிவப்பு. வெள்ளை கண்டிஷனர் 30 கிராமில் இளஞ்சிவப்பு ட்ரீட்மென்ட் 1 கிராம் கலந்து, பச்சை இருந்த இடங்களில் மட்டும் தடவி 4 நிமிடம். கலவை ரோஸ்மில்க் நிறம். அலசியபோது பச்சை போய், அந்த இடம் வெறும் மஞ்சளாக நின்றது. இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை யாராவது எடுத்துக்கொள்வதானால் இதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். பச்சைக்கு ப்ளீச் தேவையில்லை, 1 கிராம் இளஞ்சிவப்பு போதும்.

கடைசியாக ஊதா. மஞ்சளுக்கு எதிர் நிறம் அது. 40 கிராம் கண்டிஷனருக்கு 1 கிராம் ஊதா, தலை முழுக்க, 5 நிமிடம். நுனியில் மட்டும் 2 நிமிடம், ஏனென்றால் நுனி உறிஞ்சும்.

உலர்த்தியபோது மணி 3:20. வேரிலிருந்து நுனி வரை ஒரே நிறம் என்று சொல்ல மாட்டேன். வேர் ஒரு நிழல் வெளிர்ந்தது, நடுவில் கொஞ்சம் தேன் நிறம் தங்கியிருக்கிறது. அவள் கண்ணாடி முன்னால் நின்று ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஊரில் இருக்கிற அம்மாவைக் கூப்பிட்டு, போனைத் தலைக்கு மேலே பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். அவர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை. நடுவில் 'அக்கா' என்கிற சொல் 2 முறை வந்தது.

மொத்தச் செலவு 4,300 யென், அதில் பாதி நல்ல கண்டிஷனருக்கு.

இப்போது வாரம் ஒருமுறை ஊதா ஷாம்பூ, இங்கே 'முராஷான்' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 3 நிமிடத்துக்கு மேல் வைப்பதில்லை. ஹேர் டிரையர் சூட்டைக் குறைத்துவிட்டாள். அவளுடைய பழைய சீட்டின் பின்பக்கத்தில் புதிதாக எழுதி வைத்திருக்கிறோம், பின்னிய மொழியிலும் ஜப்பானியத்திலும்: ஐரோப்பிய 9, இங்குள்ள அளவில் 14க்கு மேல், ஆஷ் வேண்டாம், ஊதா, வேருக்கு மட்டும் ப்ளீச். கூடவே பிடரியில் வெட்டிய நல்ல கற்றை ஒன்றைச் செல்லோ டேப்பால் ஒட்டியிருக்கிறோம். இனி எந்தச் சலூனுக்குப் போனாலும் எண்ணைச் சொல்ல வேண்டாம், அந்தக் கற்றையைக் காட்டினால் போதும்.

அடுத்த ரூட் டச்-அப், அதாவது வளர்ந்த வேருக்கு மட்டும் பூசுவது, மார்ச் கடைசியில். அதற்குள் வலது பின்பக்கத்து வகிட்டை நான் ஏன் விட்டேன் என்று பார்க்க வேண்டும். கண்ணாடி அந்தப் பக்கம் எட்டாதது காரணமாக இருக்கலாம். நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் செய்யப் போகிறேன்.